காவக் கோபுரத்து வேலாத்தா

ஒரு ஊர்ல ஒரு... இல்ல இல்ல, அப்போ ஊரே கிடையாது. மலையடிவாரத்துல வெறுங்காடு. அந்தக் காட்டைத் திருத்த மொதமொதல்ல வந்தவங்க நஞ்சப்பனும் அவன் பொண்டாட்டி வேலாத்தாளும். கல்லு கல்லாச் சுமந்து, டொக்கு டொக்குன்னு கொத்தி, ஒரு வீடு கட்டுனாங்க. வீட்டை ஒட்டி ஒரு காவக் கோபுரமும் கட்டுனாங்க. எதுக்குன்னு கேளு? மலைமேல மாட்டுக் களவாணிங்க இருந்தாங்க. பணம் பண்டமெல்லாம் அதுக்குள்ளதான். கோபுரத்துக்குக் கீழ வாசலே கிடையாது. ஏணி வெச்சு ஏறணும், ஏறுனதும் ஏணியை மேல இழுத்துக்கணும். அப்புறம் எவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. என்ன, ம் கொட்டக் காணோம்?

"ம்."

அப்போ ஒரு ஆடி மாசம், உச்சி வெயில் நேரம். நஞ்சப்பன் மாடு மேய்க்கப் போயிருந்தான். தடதடன்னு மூணு களவாணிங்க வந்தாங்க, கையில அருவா. வேலாத்தா குடுகுடுன்னு ஏறி ஏணியை இழுத்துக்கிட்டா. கீழ ஒருத்தன் சொன்னான், "இவ எறங்க மாட்டா. புருசன் வரட்டும். அவன் கழுத்துல அருவாளை வெச்சா ஏணி தன்னால எறங்கும்." மூணு பேரும் கள்ளி வேலிக்குப் பின்னால பதுங்கிட்டாங்க.

அப்போ பாரு, தூரத்துல நஞ்சப்பன் வர்றான்.

அவனைத் தடுக்க வேலாத்தா ஒரு பழைய சேலையை எடுத்துப் படபடன்னு வீசுனா. துணி காயப்போடறா போலன்னு அவன் வந்துகிட்டே இருந்தான். அப்புறம் பித்தளைத் தட்டை எடுத்து டங்கு டங்குன்னு தட்டுனா. அடி பைத்தியக்காரி! தெனமும் சோறாயிருச்சுன்னு சொல்ல அதைத்தானே தட்டுவா? அவன் நடையை எட்டிப் போட்டான்.

"வராதீங்கன்னு கத்த வேண்டியதுதானே?"

கத்துனாளே! ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், அவ சொன்ன சொல்லா நிக்கும்? ஆனா ஒண்ணு, எந்தக் காத்துலயும் ஒருத்தன் பேரு அவன் காதுல விழுந்துரும். அதுதான் அவளுக்கு வாயில வரல. புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு அந்தக் காலத்துப் பொம்பளைங்க நம்புனாங்க. கல்யாணமாகி ஏழு வருசம், ஒரு தடவை சொன்னதில்ல. சொன்னாலும் பயம், சொல்லாட்டியும் பயம். அவன் பள்ளத்தைத் தாண்டிட்டான். மேடு ஏறுனா வேலிதான்.

கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, "நஞ்சப்பாஆஆ!"ன்னு ஒரே கத்து.

அவன் சடக்குன்னு நின்னான். ஒருநாளும் பேரு சொல்லாதவ இன்னிக்குச் சொல்றான்னா வீட்டுல என்னமோ ஆயிப்போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டான். திரும்பி ஓடுனான் பாரு ஓட்டம்! ஆத்தங்கரையில மரம் வெட்ட வெளியூர்ல இருந்து வந்திருந்த ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு, கோடாலியும் கையுமாத் திமுதிமுன்னு வந்தான். அப்புறம் என்ன? களவாணிங்க விழுந்தடிச்சு மலைக்கு ஓடிட்டாங்க.

கீழ எறங்குனதும் வேலாத்தா ஓன்னு அழுதுட்டா. "உங்க ஆயுசைக் கொறைச்சுட்டேனுங்க."

"நீ கூப்பிடலைன்னா இன்னிக்கே முடிஞ்சிருக்கும் புள்ளே. எங்க, இன்னொரு தடவை கூப்பிடு பாக்கலாம்."

"மாட்டேனுங்க. மிச்ச ஆயுசு எனக்கு வேணும்."

அவ்வளவுதான் கதை. களவாணியும் ஓடியாச்சு, நீயும் கண்ணை மூடியாச்சு. தூங்கு.