பாறை ஏறாத கரடி

ஒரு காட்டில், குழந்தைகளே, நட்டநடுவே உயரமாக ஒரு பாறை இருந்தது. அதன் உச்சியில் நின்று கூவினால் காடு முழுவதும் கேட்கும். அதனால் அதற்குக் கூப்பாட்டுப் பாறை என்று பெயர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்நேரமும் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது நல்லதற்குத்தான் பயன்பட்டது. குட்டி தொலைந்தால் அங்கே நின்று கூவுவார்கள், கிடைத்துவிடும். போகப்போக, "மயிலுக்குக் குரல் சரியில்லை" என்று ஒருவர் கூவ, மயில் மூச்சிரைக்க ஏறி வந்து பதில் கூவ, அதற்கு இன்னொருவர் கூவ, பொழுதெல்லாம் அதிலேயே போனது.

இதைக் கவனித்தது ஒரு நரி. ரோஷம் வந்தால் எல்லாரும் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாறைக்கு ஓடுகிறார்கள் அல்லவா? நரி ஒரு பழியைக் கூவிவிட்டுப் பின்பக்கமாக இறங்கிவிடும். மேலே அவர்கள் கத்திக்கொண்டிருக்க, கீழே குரங்கின் வாழைப்பழமும் முயலின் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நரியின் சாக்குக்குள் போகும். குரங்கு முயலைச் சந்தேகப்படும், முயல் குரங்கைச் சந்தேகப்படும். உடனே மறுபடியும் பாறைக்கு ஓடுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆனாலும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளுக்கொரு பிடியாவது ஆண்டவருக்கென்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது ஞானப்பூ என்ற கரடி. தாயில்லாத குட்டிகளுக்குத்தான் முதல் பந்தி. அந்த அண்டாவை விட்டால் அன்று காட்டில் வேறு சோறில்லை.

பொங்கல் கொதித்துவரும் வேளையில் பாறையிலிருந்து நரியின் குரல் கேட்டது. "காணிக்கையா வந்த தேன்ல பாதியை ஞானப்பூ தன் குகைக்குக் கொண்டு போயிட்டா!"

சுத்தப் பொய். கரடிக்கு நெஞ்சு எரிந்தது. குரங்கு ஓடிவந்தது.

"அக்கா, கேட்டீயளா? காடே கேட்டுட்டு. வாங்க, ஏறி நாலு கேள்வி கேளுங்க."

கரடி அகப்பையை வைத்துவிட்டுப் பாறையை நோக்கி வேகமாக நடந்தது. பாதி வழியில் நின்றது. "ஆண்டவரே, உம்மேல் பொய்க் குற்றம் சாட்டினபோது பேசாமல் நின்றீரே. என் வாயையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்" என்று ஜெபித்தது. பிறகு அண்டாவிடமே திரும்பியது.

"நான் வரலை தம்பி. சொன்னவன் நேர்ல வந்தா பேசிக்கிடலாம். பொங்கல் அடிபிடிச்சிரும்."

"பேசாம இருந்தா உண்மைன்னுல்லா நினைப்பாக?"

"நினைக்கட்டும். பிள்ளைகளுக்குப் பசிக்கும்லா."

பாறையில் பெருங்கூட்டம் கூடியது. கரடி வரும், இன்றைக்கு நல்ல வேடிக்கை என்று காத்திருந்தார்கள். கரடி வரவே இல்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் சண்டை எப்படி நடக்கும்? கொட்டாவி விட்டபடி ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள்.

இது தெரியாத நரி, ஏற்கெனவே பாதி நிரம்பிய சாக்கோடு புதரை விலக்கிக்கொண்டு அண்டாவைத் தேடி வந்தது. எதிரே அகப்பையோடு கரடி நின்றது.

"வா நரி. என்னைப் பத்திச் சொன்னதை இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

காடு முழுக்கக் கேட்கச் சொன்னதை, ஒரே ஒரு கரடிக்கு முன்னால் நரியால் சொல்ல முடியவில்லை. ஓடலாம் என்று திரும்பினால், பின்னால் குரங்கும் முயலும் மயிலும் நின்றன. பயத்தில் சாக்கை நழுவவிட்டது. முயலின் கிழங்கும் குரங்கின் பழமும் உருண்டோடின.

"அட, இவனா! இருங்க, பாறையில ஏறி இவன் மானத்தை வாங்குதேன்" என்று குதித்தது குரங்கு.

"நீ உட்காரு. பாறைக்கு இவனே போவான்" என்றது கரடி. "ஏ நரி, சொன்னது பொய்னு சொல்லிட்டு, அப்படியே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடு. உனக்கும் ஒரு இலை போட்டு வைக்கேன்."

"எனக்குமா?"

"உனக்கும்தான்."

நரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறியது. சற்று நேரத்தில் காடு முழுவதும் கேட்டது.

"நான் சொன்னது பொய். தேன் முழுசும் பொங்கல்லதான் இருக்கு. சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க."

அதற்கு மட்டும் யாரும் எதிர்த்துக் கூவவில்லை. நாலா பக்கத்திலிருந்தும் இலையும் கையுமாக ஓடிவந்தார்கள். முதல் பந்தியில் தாயில்லாத குட்டிகள் உட்கார்ந்தன. ஞானப்பூ சந்தோஷம் தாங்காமல் அகப்பையை உயரத் தூக்கிக் காட்டிவிட்டுப் பரிமாறத் தொடங்கியது.

நீதி: ஊர் கேட்கப் பழித்தவனோடு ஊர் கேட்க வாதாடாதே, கையிலுள்ள நல்ல வேலையை முடி, அவனுக்கும் ஓர் இலை போடு.