மரகதத்துக்குப் போன கூரைப் பணம்

நான் பக்கத்து ஊர்க்காரன். சாதுக்குறிச்சியைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் பொறாமையில் சொல்வதாகத்தான் அந்த ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பொறாமைப்படும்படி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் கூட்டம் போட்டு யோசித்து ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

அந்த ஊர்த் தையல்காரர் ஆதிமூலத்தின் கடைக்கூரை ஆடிக் காற்றில் பறந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் தகரம் போடாவிட்டால் தையல் மிஷின் துருப்பிடித்துவிடும். மிஷின் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆதிமூலத்தின் மனைவி பவளம் இதைத் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரில் விவரமான ஆள் அவள் ஒருத்திதான் என்று அப்போது நான் நினைத்திருந்தேன்.

டவுன் நூலகத்தில் வேலை பார்க்கும் சண்முகவடிவு என்ற அம்மாள் ஒரு வழி சொன்னார். ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரு புத்தகத்தை வாசிக்க வேண்டும். வாசிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் டவுன் கடைக்காரர்கள் நன்கொடை தருவார்கள். சேருகிற பணத்தில் கூரை போட்டுக்கொள்ளலாம். அட்டை கிழிந்த பழைய குடும்ப நாவல் ஒன்றைக் கையில் கொடுத்து, "எல்லாரும் சேந்து வாசிக்கணும். ஒருத்தரையும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த பஸ்ஸை அவர் தவறவிட்டிருக்க வேண்டும்.

மாசிலாமணி கண்ணாடி போட்டிருந்ததால் அவரை வாசிப்புக் குழுவின் தலைவராக்கினார்கள். அது அவருடைய மனைவியின் கண்ணாடி.

"ஒருத்தரையும் விடக் கூடாதுனு அந்தம்மா சொல்லியிருக்காங்க. அதனால ஆளுக்கு ஒரு சொல்லு" என்றார் மாசிலாமணி.

நியாயமாகத்தான் பட்டது. ஒருவர் ஒரு சொல்லை வாசித்துவிட்டுப் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுத்தார். டெம்போ ஓட்டும் ஒச்சு தன் முறை வருவதற்கு முன்னால் செங்கல் லோடு ஏற்றப் போய்விட்டான். அவன் வருகிற வரைக்கும் கதையில் ஒரு பெண் வாசற்படியில் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக 'செத்தார்' என்ற சொல் தன் முறைக்கு வந்ததால் மளிகைக்கடைக் கோமளம் வாசிக்க மாட்டேன் என்றுவிட்டாள். அந்த மனிதர் சனிக்கிழமை காலையில்தான் செத்தார்.

பவளம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"இப்படியே போனா மழைக்குள்ள ஒரு பக்கம்கூட முடியாது. ஒருத்தர் வாசிங்க, மத்தவங்க கேளுங்க."

"கேட்டா வாசிச்சதா ஆகுமா?" என்றான் ஒச்சு.

கேள்வி சிக்கலானதுதான். சாயங்காலம் வரை பேசினார்கள். கடைசியில் மாசிலாமணி வாசிப்பது, மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பது என்று முடிவானது. எழுத்தில்லாத பக்கம் வந்தபோதும் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு பக்கம் வாசிக்க ஆகிற நேரத்துக்கு எல்லாரும் குனிந்து சும்மா இருந்துவிட்டு, நாணயமாக அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு கதை ஓடியது. வாராவாரம் கடைக்காரர்கள் கொடுத்த பணம் மாசிலாமணியிடம் சேர்ந்தது. தகரத்துக்குப் போதுமான பணம் வந்தபோது கதையின் நாயகி மரகதம் பெரிய ஆபத்தில் இருந்தாள். புருஷன் செத்து, இரண்டு குழந்தைகளோடு அடகு வைத்த வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வட்டிக்காரன் வரதப்பன் வீட்டை ஏலம் போடக் கிளம்பிவிட்டான்.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த பக்கத்தைத் திருப்பினா அவன் வந்துருவான்."

"அப்பத் திருப்பாதீங்கண்ணே" என்றான் ஒச்சு. "நாம திருப்பாம அவன் எப்படி வர முடியும்?"

ஊருக்கே நிம்மதியாக இருந்தது. புத்தகத்தை அப்படியே மூடி வைத்தார்கள். யாராவது தெரியாத்தனமாகத் திருப்பிவிடக் கூடாது என்று மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்கள். வரதப்பன் பாதி வழியில் வெயிலில் நிற்பான் என்று நினைத்துக் கோமளம் சந்தோஷப்பட்டாள்.

வானம் கறுக்கத் தொடங்கியது. பவளம் மாசிலாமணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பணம்தான் சேந்துருச்சே. தகரத்தை வாங்குங்கண்ணே."

"ஒரு பொம்பளை வீட்டை இழக்கப்போறா. உனக்கு உன் தகரம்தான் பெருசாத் தெரியுதா, தாயி?" என்றார் மாசிலாமணி.

அன்று கூட்டம் கூடியது. எதிர்பாராத விதமாக ஆதிமூலமே எழுந்து பேசினார்.

"எனக்குக் கூரைதான் போச்சு. அந்தப் புள்ளைக்கு வீடே போகப்போகுது. ரெண்டு பச்சப்புள்ளைக வேற. அந்தப் பணத்தை அவளுக்கே குடுத்துருங்க."

சொந்தக் கஷ்டத்தை ஒதுக்கிவிட்டு இல்லாதவளுக்குக் கொடுக்கச் சொல்லும் மனசு யாருக்கு வரும்? அவள் நிஜமாகவே இல்லாதவள் என்பதுதான் ஒரே குறை. கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். பவளம் மட்டும் அழவில்லை.

"எப்படிக் குடுப்பீங்க? அவ எந்த ஊர்னு புத்தகத்துல போடவே இல்லையே" என்று கேட்டாள். இதோடு வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தாள்.

"ஊர் எதுக்கு? ஆளு இந்தா, இந்தப் பக்கத்துலதான அழுதுக்கிட்டு இருக்கு" என்றான் ஒச்சு.

பணத்தை அந்தப் பக்கத்திலேயே வைத்தார்கள். அவள் கண்ணில் படவேண்டும் என்று 'கண்ணீர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடினார்கள். மறுநாள் மேலே வாசித்தபோது யாரும் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. கொடுத்துவிட்டு, எடுத்துக்கொண்டாளா என்று பார்ப்பது அநாகரிகம் இல்லையா?

வரதப்பன் வந்தான். மரகதம் அவன் முகத்தில் பணத்தை விட்டெறிந்தாள். ஊரே கைதட்டியது. ஒன்றுவிட்ட தம்பி மலேயாவிலிருந்து அனுப்பிய பணம் என்று கதையில் போட்டிருந்தது.

"தம்பினு சொல்லித்தான ஆகணும். நம்ம பேரைச் சொன்னா தெருவுல நாலு விதமாப் பேசுவாங்கல்ல" என்றாள் கோமளம்.

புத்தகம் முடிந்து நூலகத்துக்குப் போன மறுநாளே சண்முகவடிவு புத்தகமும் பணமுமாக வந்து இறங்கினார்.

"இவ்வளவு பணத்தைப் புத்தகத்துக்குள்ள யாரு வச்சது?"

மாசிலாமணி பணத்தை வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "திருப்பிக் குடுத்து விட்டுட்டாளா?"

"யாரு?"

"மரகதம்."

சண்முகவடிவு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, மரகதம்னு யாரும் இல்ல."

ஒச்சு தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தான். "யாராவது கேட்டா இல்லனு சொல்லச் சொன்னாளாக்கும்? எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லச் சொல்லுவேன், டெம்போ டியூக்காரன் வந்தா."

சண்முகவடிவு மாசிலாமணி கையிலிருந்து பணத்தைத் திரும்ப வாங்கினார். அதைத் தகரக்கடையில் தானே கட்டி, ஆள் வைத்துக் கூரையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டவுனுக்குப் போனார். புத்திசாலி. ஆனால் மாசிலாமணி கெஞ்சிக் கேட்டார் என்று புத்தகத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்.

புதுத் தகரத்தைத் தடவிப் பார்த்த அன்றுதான் பவளம் மாறிப்போனாள்.

"குடுத்த காசைக் கேக்காமயே திருப்பித் தந்தவளை இந்த ஊர்ல நான் பாத்ததில்ல" என்றாள். "அவளைப் போய் சந்தேகப்பட்டேனே. அவ வந்துதான் ரிப்பன் வெட்டணும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள கால வைக்கக் கூடாது."

அழைப்பிதழ் அடித்தார்கள். மரகதம் இப்போது கடைசிப் பக்கத்தில்தான் இருப்பாள் என்பதால் அங்கேயே ஒன்றை வைத்தார்கள். குறித்த நாளில் கடை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, நாற்காலி போட்டு, ஊர் மொத்தமும் தெருவில் காத்திருந்தது. மிஷினும் பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் இருந்தது. அப்போதுதான் ஐப்பசி மழை பிடித்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. தகரத்துக்குக் கீழே கடை பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. மிஷினும் ஊரும் சேர்ந்து நனைந்தன.

"ஏன் இன்னும் வரலை?" என்றார் ஆதிமூலம்.

பவளம் புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கடைசி வரியை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "மரகதம் வாசலுக்கு வந்தாள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது."

"பாவம், கிளம்பித்தான் இருக்கா" என்றார் மாசிலாமணி. "அங்கயும் மழை பிடிச்சுக்கிச்சு. விட்டதும் வந்துருவா."

போன பங்குனியில் ஒரு சட்டை தைக்கக் கொடுக்கலாம் என்று நான் அங்கே போனேன். தார் உருகுகிற வெயில். கடைக்குள்ளே குளுகுளுவென்று நிழல் கிடக்க, ஆதிமூலம் ரிப்பனுக்கு இந்தப் பக்கம், துருப்பிடித்த மிஷினோடு மல்லுக்கட்டியபடி வியர்வை சொட்டத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள உக்காந்து தைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

பவளம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"எங்கண்ணே, மழை இன்னும் விடலையே."