வேலிக்குள் வந்த பனி

நீலகிரிக்கு முதன்முதலில் சரக்கு வண்டி கொண்டுவந்த வியாபாரி விருத்தகிரி, துரைமார் பங்களாக்களை மிஞ்சும்படி வண்ணக் கண்ணாடி பதித்த மாளிகை கட்டினார். வேலிக்குள் வந்ததெல்லாம் தனக்கே சொந்தம் என்பது அவர் சட்டம். வேலைக்காரி மாதியின் வழிதவறி வந்த எருமையையும் அப்படித்தான் கட்டிப்போட்டார்.

கிரகப்பிரவேச விருந்தில் மூடுபனி கூடத்துக்குள் புகுந்தது. சரவிளக்குகள் நிலவுகளாய் மிதந்தன. விருந்துக்கு வந்த கலெக்டரின் தொப்பி மட்டும் தனியே நடமாடியது.

"ஏய் மாதி! பனியை வெளியே விரட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"வேலிக்குள்ள வந்தது உங்களுதாச்சே எஜமான்? நான் வெளியே விட்டா திருட்டாயிடாதா?"

பனிக்குள் யார் யாரோ சிரித்தார்கள்.

"வந்ததெல்லாம் போகட்டும், கதவைத் திற!" என்று கத்தினார் விருத்தகிரி.

"நீங்க சொன்னதை நானும் கேட்டேன், நானே சாட்சி" என்றது கலெக்டரின் குரல்.

மாதி கதவைத் திறந்துவிட்டுத் தொழுவத்துக்கு நடந்தாள். பனி போகவில்லை. எருமையின் மணியோசைதான் பனிக்குள் மெல்ல மெல்லத் தூரமானது.