டபுள் விசில் பிஸ்கட்

பிஸ்கட் கம்பெனி அருஞ்சுனைக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஐம்பத்தெட்டு வயதில், டாக்டர் விரட்டியதால்தான் மலையடிவார மடத்துக்குத் தியானம் பழக வரத் தொடங்கினார். கண்ணை மூடி உட்காருவார். ஐந்தாவது நிமிஷம் வலது கால் தானாக ஆடும். பத்தாவது நிமிஷம் எழுந்து போய் வாசலில் நின்றுகொள்வார்.

மடத்தை நடத்திய தவமணி அம்மைக்கு முப்பத்தாறு வயது. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தியானம் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லித் தருவார். வியாழக்கிழமை மட்டும் தியானம் கிடையாது. அன்றைக்குச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளை எடை போட்டு, கஞ்சி கொடுத்து அனுப்புவார். தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவரானாலும் அருஞ்சுனை அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு வியாழக்கிழமை அருஞ்சுனை கேட்டார்.

"அம்மா, இந்தப் பிள்ளைகளுக்கு நானும் ஏதாவது செய்யணும். அன்னதான மண்டபம் ஒண்ணு கட்டித் தரட்டுமா?"

"மண்டபம் வேண்டாம் அண்ணாச்சி."

"பின்ன என்ன செய்ய?"

அம்மை வரிசையில் அடுத்து நின்ற முப்பிடாதியைக் கூப்பிட்டார். பீடி சுற்றுகிறவள். இடுப்பில் மூன்று வயது மகன். பார்த்தால் ஒன்றரை வயது என்றுதான் சொல்லத் தோன்றும்.

"பய காலையில என்ன சாப்பிட்டான்?"

"பிஸ்கட்டு."

"மத்தியானம்?"

"பிஸ்கட்டுதான்க்கா. சுத்துத கையை எடுக்க முடியல. பெட்டிக்கடையில ஒரு பாக்கெட்டு வாங்கிக் கொடுத்தா பேசாம கெடப்பான்."

பையன் கையில் ஒரு காலி உறை கசங்கிக் கிடந்தது. மஞ்சளும் சிவப்பும். அருஞ்சுனைக்கு அதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கம்பெனி உறை.

முப்பிடாதி கஞ்சி வாங்கப் போனதும் அவர் குரல் உயர்ந்தது.

"நான் என்ன விஷமா விக்கேன்?"

"இல்ல. பசியை அமத்துது. பிள்ளை வளரல, அவ்வளவுதான்."

"அப்போ கம்பெனியை மூடிரட்டுமா?"

"மூடினா நாளைக்கே வேற ஒருத்தர் வந்து விப்பாரு."

"அப்போ நான் என்னதாம்மா செய்ய?"

"என் கஞ்சிப் பானை ஏழு ஊருக்குத்தான் எட்டுது. அதுவும் வாரத்துல ஒரு நாள். உங்க வண்டி எத்தனை ஊருக்குப் போவுது?"

"நானூறு இருக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அம்மை அடுத்த பிள்ளையைத் தூக்கித் தராசில் உட்கார வைத்தார்.

அந்த வாரம் முழுக்க அருஞ்சுனைக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்தார். ஆபீஸில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். கடைசியில் குழந்தை வைத்தியர் ஒருவரைப் பிடித்து, கூட வைத்துக்கொண்டு, வேர்க்கடலை, கேழ்வரகு, வெல்லம், பால் பவுடர் சேர்த்து ஒரு பிஸ்கட் போட்டார். சுட்டுப் பார்த்ததும் உடைந்தது, மறுபடி போட்டார். கருகியது, மறுபடி போட்டார். மூன்று மாதம் போயிற்று. விலை, பழைய பாக்கெட்டின் அதே ஐந்து ரூபாய். பெயர் 'போஷாக்கு'. உறையின் ஒரு பக்கம் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, மறுபக்கம் கொழுகொழு குழந்தை.

பிஸ்கட் விற்கவில்லை. பெட்டிக்கடைக்காரர்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

அருஞ்சுனை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்து, அம்மை முன்னால் டொப்பென்று வைத்தார்.

"நல்லதைக் கொடுத்தா ஒருத்தரும் தொட மாட்டேங்காங்க. இனி வியாபாரமே வேண்டாம். அத்தனையும் உங்ககிட்ட தந்திருதேன், சும்மா கொடுங்க."

"சும்மா கொடுத்தா உங்க பெட்டி தீரும். தீர்ந்த பிறகு?"

"நான் தொடர்ந்து தாரேன்."

"எத்தனை ஊருக்கு?"

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, பாதியில் விட்டார்.

"முப்பிடாதி வருவா. அவகிட்ட ஒரு பாக்கெட்டை நீட்டிப் பாருங்க" என்றார் அம்மை.

முப்பிடாதி வந்தாள். அருஞ்சுனை நீட்டினார். அவள் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஏன், வேண்டாமா?"

"எம்பிள்ளைக்கு என்ன நோயா?"

"நோய் இல்லம்மா, இது சத்து…"

"இந்தப் படத்தை அவன் கையில பாத்தா தெருவுல என்ன பேசுவாங்க? பெத்தவளுக்குச் சோறு போட வக்கில்லன்னுதான பேசுவாங்க? நான் நாளொண்ணுக்கு ஆயிரம் பீடி சுத்துதேன் அண்ணாச்சி."

அருஞ்சுனை உறையைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக உறை போடுகிறவர். இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மை அங்கே இருப்பதையே மறந்து, முப்பிடாதி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பயலுக்கு என்ன பிடிக்கும்?"

"பஸ்ஸு. நாள் பூரா வாயால ஹாரன் அடிச்சிட்டே கெடப்பான். கண்டக்டர் மாதிரி விசிலடிப்பான்."

"கடிக்கக் கெட்டியா இருந்தா தின்பானா?"

"துப்பிருவான். டீயில முக்கினா கரையணும்."

"இனிப்பு?"

"கொஞ்சம் இருக்கணும். வெல்ல வாடை மட்டும் வரக் கூடாது. அவனுக்கு ஆகாது."

இன்னும் பத்துக் கேள்வி கேட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டுத்தான் அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

பிஸ்கட் பஸ் வடிவத்தில் வந்தது. உறையில் பச்சை பஸ், படியில் தொங்கும் கண்டக்டர். பெயர் 'டபுள் விசில்'. சத்து என்ற சொல் பின்பக்கம் மட்டும் இருந்தது, என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற விவரத்தோடு. பிள்ளைகள் கேட்டு அழுதார்கள். பெட்டிக்கடைக்காரர்கள் முன்வரிசையில் தொங்கவிட்டார்கள்.

எட்டு மாதத்தில் முப்பிடாதி மகன் இரண்டு கிலோ கூடியிருந்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை கூடிவிடவில்லை. கூடாதவர்களை அம்மை பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பிறகு மழை தப்பியது. கடலை விலை ஏறிக்கொண்டே போனது.

ஒரு வியாழக்கிழமை காலை, கஞ்சி இறக்கும் முன்பே அருஞ்சுனை வந்து நின்றார். கார்ச் சாவியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மானேஜர் ஐசக் ஒரு யோசனை சொல்லுதான். கடலையைப் பாதியாக் குறைச்சு, மைதாவையும் சீனியையும் கூட்டிக்கிடலாமாம். கடலை வாசனைக்கு எசென்ஸ் இருக்காம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாதாம்."

"நீங்க ருசி பாத்தீங்களா?"

"பாத்தேன். எனக்கே தெரியல."

"ம்."

"ஒருத்தருக்கும் தெரியாதும்மா. கம்பெனி தப்பிச்சிரும். கம்பெனி இருந்தாத்தான பிஸ்கட்டு இருக்கும்? என்ன செய்யட்டும், சொல்லுங்க. குறைக்கட்டுமா?"

அம்மை அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தணலைத் தட்டினார்.

"குறைங்க."

அருஞ்சுனை திடுக்கிட்டார். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார்.

"நெசமாவா?"

"குறைச்சிட்டு, கடலை பாதிதான் இருக்குன்னு உறையில முன்பக்கம் எழுதிருங்க. முப்பிடாதி எழுத்துக்கூட்டிப் படிக்குத அளவுக்குப் பெரிசா."

அருஞ்சுனை அந்த வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தார். கண்டக்டருக்கு மேலே வைத்தார். பஸ்ஸுக்குக் கீழே வைத்தார். சின்ன எழுத்தாக்கிப் பார்த்தார். வாசலில் தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஐசக்.

"மொதலாளி, மாவு பிசையணும். ஆளுங்க நிக்காங்க. பழைய அளவா, புது அளவா?"

அருஞ்சுனை வாசலில் நின்ற தாய்மார்களைப் பார்த்தார்.

"மொதலாளி?"

"பழைய அளவு."

போனை வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அம்மையைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் மிச்சமிருந்தது.

"சொல்லிட்டேன். இப்படியே போனா ஆறே மாசத்துல டபுள் விசிலை நிறுத்தணும். அதுக்கும் நீங்கதான் வழி சொல்லணும்."

அம்மை கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கடலையை எங்க வாங்குனா கட்டுப்படியாகும், பாக்கெட்டைச் சின்னதாக்கணுமா, விலையைச் சொல்லிட்டு ஏத்தணுமா, எனக்கு என்ன தெரியும்? அது உங்க வித்தை அண்ணாச்சி. உக்காந்து சொல்லிக் கொடுங்க, கேட்டுக்கிடுதேன்."