முதல் ஓடம் யார் விட்டது?

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு தேசத்தில், ஆற்றின் தென்கரையில் அரண்மனை கட்டி ஓர் அரசர் ஆண்டுவந்தார். ஒருநாள் காலையில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஓடத்துறையில் ஒரு கல் நாட்ட வேண்டும். அங்கே முதன்முதலில் ஓடம் விட்டவர் இன்னார் என்று அதில் வெட்ட வேண்டும்.

பிரதானி ஏகாம்பரம் உடனே எழுந்தார். "என் பாட்டனாரின் பாட்டனார்தான், அரசே. எங்கள் வீட்டு ஏட்டில் இருக்கிறது. ஆகையால் துறையும் எங்களுக்கே உரியது."

அப்போது துறையில் ஓடம் தள்ளி வந்தவள் வெள்ளச்சி. தலைமுறை தலைமுறையாக அவள் குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. ஏடு ஒன்றும் அவளிடம் இல்லை.

அரசர் யோசித்தார். "ஏடு மட்டும் போதாது. கண்ணால் கண்ட சாட்சி வேண்டும்."

இருநூறு வருஷத்துக் கதைக்குக் கண்ட சாட்சியா என்று சபை திகைத்தது. விகடகவி திருமேனிமேல் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த பிரதானிக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "திருமேனியார் கொண்டுவரட்டுமே! ஏழு நாளில் சாட்சி வராவிட்டால் துறை என் வசம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

திருமேனிக்கு அலுப்பாக இருந்தது. முப்பது வருஷமாக ஒருவரையே சிரிக்க வைத்து ஓய்ந்துபோன மனிதர். முழங்கால் வலி வேறு. வடகரையில் இருக்கும் தம் வீட்டுக்குப் போகிறேன் என்று நாலு தடவை விடை கேட்டுவிட்டார். நாலு தடவையும் அரசர் அதை விகடம் என்றெண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வழக்கில் தோற்றால் துரத்தியாவது விடுவார்கள் என்றுகூடத் திருமேனிக்குத் தோன்றியது.

ஆனால் அரண்மனை வாசலில் வெள்ளச்சி நின்றிருந்தாள். "தொறைய விட்டா எங்களுக்கு வேற நாதி ஏது சாமி?"

"பார்க்கலாம் தாயி" என்றார். அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

ஏழாம் நாள் திருமேனி வெறுங்கையோடு சபைக்கு வந்தார்.

"சாட்சி எங்கே?" என்றார் அரசர்.

"பிரதானியார் கையில் இருக்கிறார், அரசே. ஏட்டை வாசிக்கச் சொல்லுங்கள்."

பிரதானி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "வடதேசத்திலிருந்து புறப்பட்ட நம் மூதாதை, ஆடி மாதத்தில் தென்கரை அரண்மனை சேர்ந்து, முதல் ஓடம் விட அரசாணை பெற்றார்..."

"ஆடியிலா?" திருமேனி நெற்றியைத் தேய்த்தார். "இரு கரையும் புரண்டு ஓடியிருக்குமே. பாவம், பெரியவர் நீந்தியா வந்தார்?"

பிரதானிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீந்துவதா! எங்கள் குலத்தில் அப்படியும் ஒருவர் உண்டா? ஓடத்தில் கம்பளம் விரித்து, வேட்டிக் கரை நனையாமல் வந்தவர் ஐயா! கட்டுச்சோற்றில் பாதியை அந்த ஓடக்காரி கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதைச் சொல்லித் திட்டுவார்கள்!"

பிரதானியின் திறந்த வாய் மூடவில்லை.

"அரசே" என்றார் திருமேனி. "முதல் ஓடம் விட்டவரை ஏற்றிவந்த ஓடம் ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஏறிவந்து கண்ணால் கண்ட அந்தப் பெரியவரே வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்."

பின்வரிசையிலிருந்து வெள்ளச்சி குரல் கொடுத்தாள். "அது எங்க பூட்டிக்குப் பூட்டிதாஞ் சாமி! புளிச்சோறாம். உப்பு கம்மின்னு சொல்லுவாக!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. துறை வெள்ளச்சிக்கே என்றார். கல்லில் அந்தப் பூட்டியின் பெயரை வெட்டச் சொன்னார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக்கொண்டே, "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"வீட்டுக்குப் போக விடை வேண்டும், அரசே."

அரசருக்குச் சிரிப்பு இன்னும் பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "போம் ஐயா, போம்! இதற்குமேல் சிரிக்க முடியாது, போம்!"

திருமேனி தரையைத் தொட்டுக் கும்பிட்டார். "உத்தரவு" என்றார். வெளியே நடந்தார்.

பிற்பகலில் அரசர் அவரைத் தேடி ஆளனுப்பினார். போன சேவகன் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான். "ஓடமேறி அக்கரை போய்விட்டார், அரசே. போம் என்று மூன்று முறை உத்தரவாயிற்றாம், சபையே சாட்சியாம். ஓடக்காரியிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் போய்ப் பார்த்தேன். அயர்ந்து தூங்குகிறார்."

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு, முத்துமாலையைச் சேவகன் கையில் கொடுத்தார்.

"இதை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வா" என்றார். "பார்த்து வை. எழுப்பிவிடாதே."