முரசு யாருக்கு?

ரொம்பக் காலத்துக்கு முன்னே, தென்கானல் என்ற தேசத்தைக் கொடிவேல் மகாராசா என்று ஒருவர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் போட்டி வைத்துப் பார்க்க வேண்டும் அவருக்கு. தூங்கப் போகும்போதுகூட இரண்டு காவல்காரரை நிறுத்தி, எவன் முதலில் கொட்டாவி விடுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

அந்தத் தேசத்தின் தெற்குக் கோடியில் மூன்று சின்ன நாடுகள் அடுத்தடுத்து இருந்தன. கரிசல்நாட்டில் எள் விளையும். தேரிநாட்டில் பனை மரமும் கருப்பட்டியும். களிமேட்டில் மண்பாண்டம். மூன்றுமே வறண்ட சீமை.

"இவற்றை எப்படி முன்னேற்றலாம்?" என்று ராசா சபையில் கேட்டார்.

"மூன்றுக்கும் நடுவே ஒரு நல்ல பாதை போட்டால் போதும், மகாராசா" என்றார் மந்திரி சொக்கநாயகம்.

படைத்தலைவர் கனகசபைத் தளவாய்க்கு மந்திரி வாயைத் திறந்தாலே வயிறு எரியும். "பாதை போட்டால் ஒருவன் முதுகில் ஒருவன் ஏறிக்கொள்வான். போட்டி வையுங்கள், பிரபு. அடுத்தவன் தயவில்லாமல் எந்த நாடு முன்னேறுகிறதோ, அதற்கு அரண்மனைப் பெருமுரசு பரிசு. ஒரு நாட்டுப் பொருள் அடுத்த நாட்டுக்குள் போகக் கூடாது."

போட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ராசாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது உருப்படாது, மகாராசா" என்றார் மந்திரி.

"அப்படியா? அறுவடை முடிந்ததும் போய்ப் பார்ப்போம். போட்டி பலித்திருந்தால் உம்முடைய முத்திரை மோதிரம் தளவாய்க்கு."

அன்று மாலையே தளவாய் தட்டானை வரவழைத்து விரலுக்கு அளவு கொடுத்துவிட்டார். தெற்கே மூன்று நாட்டாரும் வீராப்பாக எல்லையில் முள்வேலி போட்டார்கள். பரிசு முரசாயிற்றே, பக்கத்து நாட்டுக்காரன் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டல்லவா கிடக்க வேண்டும்?

அறுவடை முடிந்தது. புறப்படும்போது மந்திரி, "எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டில் கிடைப்பதை மட்டும் மகாராசா சாப்பிட வேண்டும்" என்றார். "அதுதானே போட்டியின் அழகு" என்று தளவாயும் தலையாட்டினார்.

கரிசல்நாட்டுச் சந்தையில் எங்கு பார்த்தாலும் எள் குவியல். கடைக்காரன் மயிலேறி எழுந்து கும்பிட்டான்.

"யாருக்கப்பா விற்கிறாய்?" என்று ராசா கேட்டார்.

"பக்கத்துக் கடைக்காரருக்குச் சாமி."

"அவர் என்ன விற்கிறார்?"

"எள்ளுதான். எனக்குத்தான் விப்பாரு."

சாப்பாடாக ஒரு கை பச்சை எள் வந்தது. "வறுக்கச் சட்டியில்லை. சட்டி வேலிக்கு அந்தப் பக்கம்" என்றான் மயிலேறி. ராசா மென்றார். பாதி பல்லிடுக்கில் தங்கிற்று.

தேரிநாட்டில் சுடலைமுத்து என்ற பனையேறி கருப்பட்டி நீட்டினான். "இதோட சரி சாமி. பானையெல்லாம் உடைஞ்சு போச்சு. இனிப் பதநீர் காய்ச்ச வழியில்ல." ராசா கடித்தார். எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்து மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டிக்கொள்ள, களிமேடு போய்ச் சேரும்வரை ஊமையாகவே வந்தார்.

களிமேட்டில் நல்ல பசி. குப்பாச்சி என்ற குயவர் வீட்டு அம்மாள் பளபளவென்று சட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தாள். ராசா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் கழுவித்தான் வச்சிருக்கேன் சாமி" என்றாள் குப்பாச்சி. "உள்ள போடத்தான் ஒண்ணுமில்ல. நேத்து பிள்ளைகளுக்கு வெந்நீர் காய்ச்சிக் குடுத்துப் படுக்க வச்சேன்."

தன் விளையாட்டு இவள் அடுப்பை அணைத்துவிட்டதே என்று ராசாவுக்கு வெட்கமாக இருந்தது.

தளவாய் தொண்டையைக் கனைத்தார். "முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும், பிரபு. இன்னும் கொஞ்சம் பட்டினி கிடந்தால் முயற்சி வந்துவிடும்."

மந்திரி, மூன்று வேலிகளும் வந்து முட்டும் பாறைக்கு ராசாவை அழைத்துப் போய் நடுவில் உட்கார வைத்தார். மயிலேறி, சுடலைமுத்து, குப்பாச்சி மூவரும் மந்திரி சொல்லி அனுப்பியபடி வந்து அவரவர் எல்லைக்குள் நின்றார்கள்.

"மகாராசா, நீங்கள் இப்போது மூன்று நாட்டிலும் இருக்கிறீர்கள். ஒரு நாட்டுப் பொருள் அடுத்த நாட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் கட்டளை. ராசாவுக்குக் காணிக்கை கொடுக்கத் தடையில்லையே, தளவாய்?" என்றார் மந்திரி.

"அதெப்படித் தடை இருக்கும்?" என்றார் தளவாய்.

குப்பாச்சி சட்டி கொடுத்தாள். மயிலேறி எள் கொடுத்தான். சுடலைமுத்து பனைமட்டை விறகும் கருப்பட்டியும் கொடுத்தான். சமைக்க மட்டும் ஆளில்லை, யார் கையில் கொடுத்தாலும் அடுத்த நாட்டுப் பொருள் அவர் நாட்டுக்குப் போனதாகிவிடுமே. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ராசாவே அடுப்பு மூட்டி, எள்ளை வறுத்து, பாறைக் குழியில் கருப்பட்டியோடு சேர்த்து இடித்து, சூட்டோடு சூடாக உருண்டை பிடித்தார். உள்ளங்கை சிவந்துபோயிற்று. ஒன்றை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குப்பாச்சியின் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கை நிறையக் கொடுத்தார்.

"தளவாய், இது எந்த நாட்டுப் பலகாரம்?" என்று கேட்டார்.

"எள்... கரிசல்நாடு, பிரபு."

"அப்படியானால் கருப்பட்டியைப் பிரித்தெடும்."

தளவாய் உருண்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிரிக்கவும் முடியவில்லை, நாக்கில் எச்சில் ஊறுவதை நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் தின்றுவிட்டார்.

ராசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முரசு இந்தப் பாறைக்கே. வாராவாரம் மூன்று நாட்டுச் சந்தையும் இங்கேதான். வேலி முள்ளெல்லாம் குப்பாச்சியின் சூளைக்கு. மந்திரி, பாதையைப் போடும். மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்."

"என் விரல், பிரபு..." என்று தளவாய் இழுத்தார்.

"அதற்கும் வேலை உண்டு. சந்தை கூடும்போது முரசைக் கொட்ட வேண்டியது நீர்தான். ஆனால் மூன்று நாட்டாரையும் கேட்டு, மூன்று பேரும் சரி என்ற பிறகுதான் கொட்ட வேண்டும்."

அன்றிலிருந்து சந்தை கூடும் நாளெல்லாம் தளவாய் வெயிலில் பாறைமேல் நின்று, கோலை ஓங்கிக்கொண்டு கேட்பார்: "கொட்டலாமா?"

கரிசலிலிருந்து சரி என்று குரல் வரும். தேரியிலிருந்தும் வரும். களிமேட்டுப் பக்கமிருந்து குப்பாச்சி நிதானமாகச் சொல்வாள்: "கொஞ்சம் இருங்க சாமி, இன்னும் ரெண்டு சட்டி இறக்கணும்."