ஓடாத காரின் முதல் எண்ணெய்

உடுமலைப்பேட்டைக்கு வெளியே, மனை பிரித்து விற்ற இடத்தில் கட்டிய ஒரு வீட்டில், ஒரு சமயம் புதுக் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அப்போது வேறு சேதி இல்லை. நின்றுகொண்டிருந்தது.

காரின் இஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் எண்ணெய் இருந்தது. தொழிற்சாலையில் ஊற்றிய முதல் எண்ணெய், தேன் நிறம். ஊற்றும்போதே அதன் வேலையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் நடுவே போய் நிற்க வேண்டும். உதிர்கிற தூளையும் கரியையும் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். கறுத்ததும் இறங்கிவிட வேண்டும். எண்ணெய்க்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கறுப்பதற்குள் எவ்வளவோ தூரம் போய்விடலாம் என்று நினைத்தது.

காரை விற்ற கடை உள்ளூரிலேயே இருந்தது. கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இஞ்சின் சூடாகக்கூட இல்லை. போர்டிகோவில் நிறுத்தி, மேலே உறையைப் போர்த்தினார்கள். சத்தம் அடங்கியது. எண்ணெய் மெல்ல இறங்கி அடியில் தேங்கியது.

"நாளைக்குக் கிளம்பிருவோம்," என்றது இஞ்சின். அது புதுசு. எதையும் உடனே நம்பும்.

நாளை வந்தது. உறையை யாரும் எடுக்கவில்லை.

வெளியுலகம் எண்ணெய்க்குத் தெரிய ஒரே வழிதான் இருந்தது. எண்ணெயின் அளவு பார்க்கிற கம்பி. நீளமாக, ஒல்லியாக, தலையில் ஒரு மஞ்சள் வளையத்தோடு எண்ணெயில் கால் நனைத்தபடி நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் அதை வெளியே எடுப்பார்கள். திரும்பி வந்ததும் கேட்காமலே பேச ஆரம்பிக்கும்.

"வீட்ல ஒரே ஒரு ஆளுப்பா. திருமலைசாமின்னு பேரு. நூல் மில்லுல கணக்குப் பாத்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் வசந்தாமணியம்மா பெங்களூருல. மக பிரசவத்துக்குப் போனவங்க, பேரனை விட்டுட்டு வர முடியலையாம்."

"நாம எப்பக் கிளம்பறோம்?" என்று கேட்டது எண்ணெய்.

"அந்தம்மா வந்ததும். மொதப் பயணம் அவங்களைக் கூட்டிக்கிட்டுப் பழனிக்குத்தானாம். அதுவரைக்கும் வண்டி வாசல் தாண்டாது."

"எப்ப வர்றாங்களாம்?"

"அடுத்த மாசம்." பின்னால் எந்த மாதம் கேட்டாலும் கம்பி இதையேதான் சொன்னது.

வெள்ளிக்கிழமைகளில் திருமலைசாமி ஒரு வழக்கம் வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்து உறையை மடித்து வைப்பார். இல்லாத தூசியைத் துடைப்பார். மூடியைத் திறந்து, கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "தங்கமாட்ட இருக்குது," என்பார், அதன் பொன்னிறத்தைப் பார்த்து. பிறகு இஞ்சினைக் கிளப்பிவிட்டு முன்னால் வந்து கற்பூரம் ஏற்றுவார். கற்பூரம் எரிந்து அடங்குகிறவரைக்கும் இஞ்சின் ஓடும். அடங்கியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். வண்டி நல்லபடியாக இருக்கிறது என்ற நிறைவோடு உறையைப் போர்த்துவார்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எண்ணெய் ஏழு நாளும் காத்திருந்தது. குளிர்ந்த இரும்புக்குள் தட்டுத் தடுமாறி மேலே ஏறும். எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் நின்றுவிடும். திரும்பவும் இறங்க வேண்டும். 

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை இறங்கி வந்தபோது பக்கத்தில் யாரோ இருப்பது தெரிந்தது.

"யாரு?"

"நான்தான், தண்ணி," என்றது ஒரு சிறு துளி. "புகையோட வந்தேன். இஞ்சின் சூடா இருந்தா அப்படியே வெளியே போயிருப்பேன். இங்க ஜில்லுனு இருந்துச்சு. தங்கிட்டேன்."

"உனக்கும் எனக்கும் ஒட்டாதுன்னு ஊரே சொல்லுமே."

"ஊருக்கென்ன? ஊரு சுத்திக்கிட்டு இருக்கு. நீயும் நானும்தானே இங்க உக்காந்திருக்கோம்."

எண்ணெய் அதை இருக்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வாராவாரம் ஒரு துளி, இரண்டு துளி என்று தண்ணீர் சேர்ந்தது. பேச்சுத் துணைக்கு ஆயிற்று. மழைக்காலத்தில் ஓட்டு மேல் விழும் மழையைப் பற்றித் தண்ணீர் சொல்லும், எண்ணெய் கேட்டுக்கொண்டிருக்கும். இஞ்சின் ஓடுகிற கொஞ்ச நேரத்தில் இரண்டும் கலங்கிக் கலந்தன. எண்ணெயின் ஓரத்தில் மோர் போல ஒரு வெளுப்பு படர்ந்தது. அது மேலேயே, எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடிக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டதால், கம்பியில் ஒட்டியது தேன் நிறமாகவே இருந்தது.

முதலில் முனகியது இஞ்சின்தான்.

"கிளம்பும்போது ஒரு எடத்துல சுருக்குங்குது."

"எங்கே?"

"மேல. நீ வந்து நிக்கிற எடம். நீ வர்றே. ஆனா நிக்க மாட்டேங்கறே. வழுக்கிட்டுப் போயிடறே."

எண்ணெய்க்கு அது தெரிந்துதான் இருந்தது. முன்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிடி இப்போது இல்லை. எங்கும் போகவில்லை, எந்தப் பாரமும் சுமக்கவில்லை. பிடி மட்டும் எப்படியோ போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பி துள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

"இன்னிக்கு நல்ல கூத்துப்பா! அவரு என்னைக் கையில புடிச்சுட்டு நிக்கறாரு, பொள்ளாச்சிப் பட்டறையில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுது. 'சார், உங்க வண்டிக்கு ஒரு வருஷம் ஆயிடுச்சுங்க, ஆயில் மாத்த வாங்க'ன்னு. இவரு விடறாரா? 'ஏம்மா, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மாத்தோணும்னுதான புஸ்தகத்துல போட்டிருக்குது? என்ர வண்டி பத்துக்கூட ஓடலியே. ஓடாத வண்டிக்கு எதுக்கம்மா ஆயிலு? சமைக்காத அடுப்புக்குச் சாம்பல் அள்றதா?'ங்கறாரு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"'கிலோமீட்டர் ஓடலைன்னாலும் மாசம் ஓடிருச்சுங்களே சார்'ன்னுச்சு."

எண்ணெய் கம்பியின் பக்கமாக நகர்ந்தது. 

"அப்புறம்?"

"அப்புறம் போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. பாத்துட்டு, 'தங்கமாட்டதான இருக்குது'ன்னு உள்ள விட்டுட்டாரு."

"நீ அவர்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தச் சொல்றது? என் மேல நீ ஒட்டறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே பேச்சு. நீ அழகா ஒட்டறே. நான் அழகாச் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க எண்ணெய் அதை யோசித்தது. வெளுத்ததைக் காட்டினால் இறக்கிவிடுவார்கள். ஒரு தெருவைக்கூடத் தாண்டாமல் அதன் காலம் முடிந்துவிடும். காட்டாவிட்டால் அந்தம்மா வருகிறவரைக்கும் இப்படியே இருக்கலாம். பழனிக்குப் போகிற அந்தக் காலை ஒருவேளை வரலாம். ஆனால் அந்தக் காலையில் இஞ்சின் இருக்குமா?

வியாழக்கிழமை அது தண்ணீரைக் கூப்பிட்டது.

"நாளைக்குக் கம்பி வெளியே போகும்போது நீயும் என்கூட அதில ஏறணும்."

"எதுக்கு? என்னைப் பாத்தா அவர் சும்மா விடுவாரா? உன்னையும் சேத்துத்தான் ஊத்துவாரு."

"தெரியும்."

"நல்லாத்தானே இருக்கோம்," என்றது தண்ணீர். அதன் குரல் இறங்கியிருந்தது.

"நாம நல்லாத்தான் இருக்கோம். அது நல்லா இல்லை," என்றது எண்ணெய், மேலே தூங்கிக்கொண்டிருந்த இஞ்சினைக் காட்டி.

வெள்ளிக்கிழமை கம்பி வெளியே போனது. முன்பெல்லாம் போனதும் வந்துவிடும். அன்றைக்கு வெகு நேரம் வரவில்லை. வந்தபோது பேச்சு படபடத்தது.

"முகம் செத்துப்போச்சுப்பா அவருக்கு. வெள்ளைத் துணியில வெள்ளையா ஒட்டுது, பாக்கறாரு, தொடைக்கறாரு, மறுபடி பாக்கறாரு. கற்பூரத்தைக்கூட ஏத்தலை. அந்தம்மாவுக்குப் போன் போட்டு, 'ஏம்புள்ள, வண்டி பாலாக் கக்குது'ங்கறாரு. அந்தம்மா, 'ஏனுங், எனக்குன்னு அதைப் பொத்திப் பொத்தி வெச்சு, நான் வர்றதுக்குள்ள அதுக்கே காரியம் பண்ணீருவீங்களாட்ட இருக்குது. எடுத்துட்டுப் போங்க'ங்கறாங்க. 'நீயில்லாம எப்படிப் போறது?'ன்னாரு. 'காலை வெச்சு மிதிச்சாப் போகுது'ன்னாங்க. அப்புறம் கொழந்தை அழுகிற சத்தம்தான் போன்ல கேட்டுது."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து மூடியது. சாவி திரும்பியது. இஞ்சின் ஓடியது. கற்பூரம் எரியும் நேரம் முடிந்தது. இஞ்சின் நிற்கவில்லை.

"போறோம்!" என்று கத்தியது இஞ்சின். "ஏய், போறோம்டா!"

வழியில் என்னென்ன ஊர் என்று எண்ணெய்க்குத் தெரியாது. கம்பி உள்ளேயே இருந்ததால் சொல்லவும் ஆள் இல்லை. தெரிந்ததெல்லாம் ஏற்றமும் இறக்கமும், கியர் மாறும் தயக்கமும்தான். முதலில் திருமலைசாமி மாட்டு வண்டியைப் போல ஓட்டினார். யாரோ பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ரோடு காலியாகியிருக்க வேண்டும். வேகம் கூடியது.

சூடு வந்தது. எண்ணெய் அதுவரை அறியாத சூடு. உடம்பு இளகியது. நுழைய முடியாத சந்துகளுக்கெல்லாம் நுழைந்தது. ஒரே மூச்சில் உச்சிக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறியது. மூலையில் கிடந்த தூள்களை அள்ளிக்கொண்டது. இதுதான் வேலை என்று சொல்லி அனுப்பியது இதைத்தான்.

"என்னால தாங்க முடியலை," என்றது தண்ணீர்.

"எங்கே போறே?"

"மேலே. ஆவியாப் போறேன். வந்த மாதிரியே." கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டது: "உன்கூட இருந்தது தப்பா?"

"இல்லை. நின்னுக்கிட்டே இருந்ததுதான் தப்பு," என்றது எண்ணெய்.

துளித் துளியாகத் தண்ணீர் விலகிப் போயிற்று. வெளுப்பு கரைந்தது. எண்ணெய் மறுபடி தேன் நிறத்துக்கு வந்தது. ஏற்றத்தில் ஒரே ஒரு தடவை, இரும்பு அழுத்திய இடத்தில் அதன் கை நழுவியது. இஞ்சின் அதைக் கவனிக்கவில்லை. எண்ணெய் கவனித்தது.

பொள்ளாச்சிப் பட்டறையில் ஜாகீர் என்ற மெக்கானிக் கம்பியை உருவிப் பார்த்தான்.

"நல்லாத்தானுங்க சார் இருக்குது."

"காத்தால மோராட்ட இருந்துச்சுப்பா. சாமி சத்தியமா."

"தண்ணி கோத்திருக்குமுங்க. வர்ற வழியில சூட்டுல போயிருச்சு. சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அணைச்சீங்களா?"

திருமலைசாமி கற்பூரத்தைப் பற்றிச் சொன்னார். ஜாகீர் சிரித்துவிட்டான். "சாமிக்குச் சரிங்க சார். வண்டிக்கு அந்தச் சூடு பத்தாதுங்களே."

"அப்ப இதை மாத்த வேண்டாமா? நல்லாயிருச்சுங்கறயே."

எண்ணெய் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜாகீர் கம்பியின் நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். இன்னொரு தடவை தேய்த்தான். "பாக்கத்தான் நல்லாருக்குதுங்க. விரலுக்கு நடுவுல நிக்க மாட்டேங்குது. வருஷமாச்சுல்லங்க. மாத்தீரலாம்."

"சரி. ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன், அப்புறம் இறக்கு."

"வேண்டாங்க சார். சூட்டோட இறக்கோணும். ஆறிப்போச்சுன்னா பாதி உள்ளயே ஒட்டிக்கும், போகாது."

காரை மேலே தூக்கினார்கள். அடியில் ஒரு தட்டை வைத்தார்கள். தொட்டியின் அடித் திருகாணியில் ஸ்பானர் விழுந்தது.

"ஏய்," என்றது இஞ்சின், "இப்பத்தான் வலி நின்னுச்சு. இப்பப் போய்..."

"புதுசு வரும். அது நல்லாப் புடிச்சுக்கும்," என்றது எண்ணெய். "சும்மா நிக்காதே."

திருகாணி கழன்றது. எண்ணெய் மெல்லிசாக, சூடாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. ஜாகீர் பழைய வடிகட்டியைக் கழற்றிப் புதிதை முறுக்கினான். திருகாணிக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினான். மேலே புது எண்ணெய் குடுகுடுவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அதுவும் தேன் நிறம்தான்.

காரைக் கீழே இறக்கிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது, திருமலைசாமி காருக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டது எண்ணெயின் காதில் விழுந்தது:

"ஏப்பா, இங்கிருந்து ஆழியாறு டேம் எவ்வளவு தூரம்?"

ஜாகீர் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை. கார் கிளம்பிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது.

பட்டறையின் பின்பக்கம் ஒரு பீப்பாய். அதில் தட்டைக் கவிழ்த்தார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு டாக்ஸியின் எண்ணெய் கிடந்தது. மைக் கறுப்பு. கெட்டித் தடிப்பு.

"வாப்பா வா," என்றது கறுத்த எண்ணெய். "என்னய்யா இவ்வளவு செவப்பா இருக்கே! கடையில இருந்து நேரா இங்க ஊத்திட்டானுகளா?"

"இல்லை. இறக்கினதுதான்."

"அடப் பாவமே. நான் டாக்ஸியில இருந்தேன். வால்பாறை மலை ஏறி இறங்கினதுக்குக் கணக்கே இல்லை. கல்யாண வீட்டுக்கு ஓடியிருக்கேன், எழவுக்கு ஓடியிருக்கேன். ஒரு தடவை பின் சீட்டுலயே ஒரு புள்ளைக்குப் பிரசவம். டிரைவர் அழுதுக்கிட்டே ஓட்டறான், நான் வெந்துக்கிட்டே ஓடறேன்." அது நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டது. "சரி, நீ சொல்லு. எங்கெங்க போனே?"

தேன் நிறம் ஓரத்திலிருந்து மெல்லக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரே ஒரு எடத்துக்குத்தான்," என்றது எண்ணெய்.

"எங்க?"

"இங்க."